பழத்துல தெரியுறது ஏப்ரல் மாசத்துக் கதை: புளூபெரி பூஞ்சை நோய் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பகுதியில புளூபெரிச் செடிக்கு மண்ணு புளிப்பா இருக்கணும்னு சும்மா நாலு வரி எழுதி வச்சேன், அவ்வளவுதான், அமெரிக்கா கனடால இருக்கிற நம்ம ஆளுங்க கிட்ட இருந்து போட்டோவும் கேள்வியுமா வந்து குவிஞ்சிடுச்சு. அதுல பாதிக்கு மேல பூஞ்சை நோய்தான். அதனால இந்தத் தடவ முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன், மாடித்தோட்டத் தக்காளிக்காரங்க கோச்சுக்காம அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கங்க.

தம்பி, நான் விழுப்புரம் பக்கம் நாப்பது வருஷம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டவன். இப்ப பொண்ணு வீட்டுக்கு ஆறு மாசம் தங்கலாம்னு நியூஜெர்சி எடிசனுக்கு வந்திருக்கேன். பின்னாடி தோட்டத்துல ஆறு புளூபெரிச் செடி நிக்குது. மே மாசம் கொழுந்தெல்லாம் வெந்நீர் ஊத்துன மாதிரி தொங்கிப் போச்சு, பனி அடிச்சிருக்கும்னு மாப்பிள்ளை சொன்னாரு. இப்ப ஜூன் கடைசி, கொஞ்சம் பழம் நீலமாகாம ஒரு மாதிரி ரோஸ் கலர்ல சுருங்கிக் கொட்டுது, எடுத்துப் பாத்தா கெட்டியா இருக்கு. என்ன மருந்து அடிக்கலாம்?
– வாசகர், எடிசன், நியூஜெர்சி

ஐயா, மொதல்ல கெட்ட சேதிய சொல்லிடுறேன், இப்ப எந்த மருந்து அடிச்சாலும் பிரயோஜனம் இல்ல. நீங்க சொல்ற அடையாளம் மூணும் சேந்து வந்தா அது மம்மி பெரின்னு சொல்ற நோய், எகிப்து மம்மி இருக்குல்ல, அந்த மம்மிதான், பழம் உள்ளுக்குள்ள செத்து வத்திப் போயி வெளித்தோல் மட்டும் உருவமா நிக்கும். மோனிலினியாங்கிற பூஞ்சாணம் பண்ற வேலை. கீழ விழுந்ததுல ஒண்ண எடுத்து பிளேடால குறுக்க வெட்டிப் பாருங்க, விதையும் சதையும் இருக்க வேண்டிய இடத்துல சாம்பலும் கருப்புமா பூஞ்சை இழை இறுகிப் போயி இருக்கும்.

உங்க மல்லாட்டையில டிக்கா இலைப்புள்ளி வந்தா இலையில புள்ளி தெரியும், அது அப்படியே பரவும், நீங்க அடுத்த நாளே டேங்க தோள்ல மாட்டிருவீங்க. இது அந்த மாதிரி இல்ல. இது ஒரு வருஷத்துல ரெண்டு தடவ செடிக்குள்ள நுழையுது, ரெண்டு தடவையும் வேற வேற வேஷத்துல.

எங்க ஆரம்பிக்குதுன்னா தரையில. போன வருஷம் விழுந்த மம்மி, இலைச்சருகுக்கு அடியில பனிக்காலம் முழுக்க அசையாம கிடக்கும். மார்ச் ஏப்ரல்ல செடி மொட்டு உடையுற நேரம் பாத்து அந்த மம்மியில இருந்து சின்னதா, நம்ம காதுல போடுற கம்மல் அளவுக்கு, பழுப்புக் கலர்ல கிண்ணம் மாதிரி ஒரு குட்டிக் காளான் தலை நீட்டும். ஈரமா இருக்கிற நாள்ல அதுல இருந்து பூஞ்சாணத்தோட வித்து, அதுக்கு விதை மாதிரி, காத்துல கிளம்பிப் போயி இளங்கொழுந்துல உக்காரும், ரெண்டு மூணு வாரத்துல கொழுந்து கருகித் தொங்கும். அதுதான் நீங்க மே மாசம் பாத்தது. அந்தக் கருகுன கொழுந்துல மறுபடி வேற வகை வித்து பொடியா உருவாகி பூவுக்குப் போயி, மகரந்தம் எப்படி சூல்முடி வழியா உள்ள இறங்குதோ அதே வழியில இதுவும் இறங்கி சூல்பையில போயி குடியேறிடும். அதுக்கப்புறம் காய் நல்லாத்தான் வளரும், பச்சையா உருண்டையா, யாருக்கும் சந்தேகமே வராது. பழுக்குற நேரத்துலதான் குட்டு உடையும். அதாவது ஜூன்ல நீங்க பாக்குறது ஏப்ரல்ல ஆரம்பிச்சு பூவோட முடிஞ்சு போன காரியம்.

உங்க மாப்பிள்ளைய திட்டாதீங்க, நானும் மொதல் தடவ பாத்தப்போ ஒரு சிநேகிதர்கிட்ட "பனிதான், விடுங்க, துளுத்துக்கும்"னு சொல்லி அந்த வருஷத்துப் பழத்துல பாதிய போக வச்சவன்தான். வித்தியாசம் எப்படிப் பாக்கிறதுன்னா, பனி அடிச்சா கொழுந்து இலை ஒண்ணா சேந்து வெளி ஓரத்துல இருந்து கருகும், இதுல இலையோட நடு நரம்புலயும் காம்புலயும் பழுப்பு ஆரம்பிக்கும், கொழுந்து ஆட்டுக்காரன் தொரட்டி மாதிரி வளஞ்சு தொங்கும், கொஞ்ச நாள்ல அந்தக் காம்புல சாம்பல் கலர்ல பொடி படியும். பொடி இருந்தா பனி இல்ல.

இப்ப பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பொறுக்குறது. செடியில இருக்கிற ரோஸ் கலர் பழம், கீழ விழுந்தது, எல்லாத்தையும் பையில போட்டு குப்பைக்கு அனுப்புங்க, உரக்குழியில போடாதீங்க. ஆறு செடிதானே, பேரப்பிள்ளைகளுக்கு ஒரு மம்மிக்கு ஒரு பைசான்னு கூலி பேசுங்க, சுத்தமாயிடும். எவ்வளவு பொறுக்கினாலும் கொஞ்சம் தப்பும், அதுக்கு நீங்க ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி செடிக்கு அடியில ரெண்டு இஞ்சுக்குக் குறையாம மரத்தூளோ பைன் பட்டையோ மூடாக்கு போட்டுட்டுப் போங்க, அந்தக் கிண்ணம் அவ்வளவு ஆழத்துல இருந்து மேல வர முடியாம அமுங்கிடும். மருந்து தேவைன்னா அடுத்த ஏப்ரல்ல மொட்டு நுனியில பச்சை தெரிஞ்ச உடனே, பூ விரியுறதுக்கு எல்லாம் ரொம்ப முன்னாடி. வீட்டுத் தோட்டத்துக்கு எந்த மருந்துக்கு அனுமதி இருக்குன்னு உங்க கவுண்டி எக்ஸ்டென்ஷன் ஆபீஸ்ல கேட்டா சொல்லுவாங்க, ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் நடத்துறது, நம்ம ஊரு வேளாண் விரிவாக்க மையம் மாதிரிதான். நியூஜெர்சியில சாட்ஸ்வொர்த்னு ஒரு ஊர்ல புளூபெரிக்கும் கிரான்பெரிக்கும்னே தனி ஆராய்ச்சி நிலையம் வச்சிருக்காங்க, அவ்வளவு பெரிய விஷயம் அங்க.

மிச்சம் நீலமாப் பழுத்ததெல்லாம் தாராளமா சாப்பிடலாம்.

சார், மம்மி பெரி நோயை தேனீதான் பூவுக்குக் கொண்டு போகுதுன்னு சொல்றாங்க, அப்ப பூக்கிற நேரத்துல செடிக்கு வலை போட்டு மூடிட்டா நோய் வராதுல்ல?
– வாசகி, பார்சிப்பனி, நியூஜெர்சி

பழத்துல நோய் குறையலாம், ஆனா பழமும் வராது. புளூபெரிப் பூ தலைகீழா தொங்குற குட்டி மணி மாதிரி இருக்கும், மகரந்தம் உள்ள எடுத்துட்டுப் போக பூச்சி வந்தே ஆகணும், காத்து பாத்துக்கும்னு விட்டுட முடியாது.

ஆனா நீங்க கேட்டதால சொல்றேன், பூஞ்சாணங்கள்ல இவ்வளவு கில்லாடித்தனம் நான் வேற எங்கயும் பாக்கல. அமெரிக்க விவசாயத் துறையில இருந்த லேக் பத்ரா, சூசேன் பத்ரான்னு ரெண்டு விஞ்ஞானிகள் 1985ல சயின்ஸ் பத்திரிகையில எழுதினாங்க. இந்தப் பூஞ்சாணம் தாக்கின இலை இருக்கே, அது புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிக்க ஆரம்பிக்குது, சாதாரணமா அந்தச் செடியில பூ மட்டும்தான் அப்படிப் பண்ணும், நம்ம கண்ணுக்குத் தெரியாது, தேனீ கண்ணுக்குத் தெரியும். அதோட அந்த இலைப் புண்ணுல வாசனை வருது, சர்க்கரையும் சுரக்குது. தேனீ பாவம் பூன்னு நெனச்சு வந்து நக்கிட்டு, கால்லயும் வாயிலயும் வித்தை ஒட்டிக்கிட்டு அடுத்து நிஜப் பூவுக்குப் போகுது. கருகுன இலைக்குப் பூ வேஷம் கட்டிவிட்டு ஆள் புடிக்குது பாருங்க!

அதனால தேனீயைத் தடுக்காதீங்க, வேஷம் போட்ட இலையைப் புடுங்குங்க. தொங்குன கொழுந்தைப் பாத்த அன்னைக்கே அதுக்குக் கீழ ஒரு ரெண்டு இஞ்சு சேத்து வெட்டி எடுத்துடுங்க, பொடி படியுறதுக்கு முன்னாடி. பூச்சிக்கொல்லி எதையும் பூ இருக்கும்போது தொடவே கூடாது, இது சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

கிராண்ட் ராப்பிட்ஸ் பக்கத்துல நாமளே பறிச்சுக்கிற தோட்டத்துக்கு ஃபேமிலியோட போயி பத்து பவுண்டு பறிச்சோம் சார், செம பழம், ஒண்ணுகூட சொத்தை இல்ல. வீட்டுல வச்சு மூணாவது நாள் பாத்தா பழத்து மேல ஆரஞ்சு கலர்ல கொழகொழன்னு ஏதோ சொட்டு சொட்டா இருக்கு. தோட்டக்காரர் ஏமாத்திட்டாரா?
– வாசகர், மிச்சிகன்

ஏமாத்தலை, அவருக்கே பறிக்கும்போது தெரிஞ்சிருக்காது. இது ஆந்த்ராக்னோஸ், பழ அழுகல். பூஞ்சாணம் பேரு கொலட்டோட்ரிக்கம். பேரு புதுசா இருக்கலாம், ஆளு நமக்குப் பழைய பழக்கம்தான், ஊர்ல மிளகாய்ப் பழத்துல வட்டம் வட்டமா அமுங்கி அழுகுமே, நுனிக்கருகல், பழ அழுகல்னு சேத்து சொல்லுவாங்களே, அது இந்தக் குடும்பம், மாம்பழம் பழுக்க வச்ச பிறகு கருப்புப் புள்ளி விழுந்து அழுகுறது இந்தக் குடும்பம், கரும்புல செவ்வழுகல் கூட இதுல ஒரு பங்காளிதான்.

இதுவும் பூக்குற காலத்துல இருந்தே உள்ள நுழைய ஆரம்பிச்சு, பச்சைக் காயில போயி சத்தமே போடாம உக்காந்திருக்கும். பழம் பழுத்து சர்க்கரை ஏறினதும்தான் முழிக்கும். செடியில இருக்கும்போதே முழிச்சா பறிக்கிறவன் கண்ணுல படும், பறிச்ச பிறகு முழிச்சா உங்க டப்பாவுல. அந்த ஆரஞ்சுக் கொழகொழப்பு முழுக்க வித்துதான், ஒரு பழத்துல வந்தா ஒட்டிக்கிட்டு இருக்கிற பழத்துக்கும் தாவும். மழை சொட்டும் ஸ்பிரிங்ளர் தண்ணியும் தெறிச்சுத்தான் தோட்டத்துல பரவுது, அதுவும் வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற சூடான ஈர நாள்ல.

நீங்க வாங்கிட்டு வர்ற ஆளா இருந்தா, பறிச்சதை வெயில்ல கார் டிக்கியில போட்டு வச்சுட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகாதீங்க, நம்ம ஆளுங்க அதுதான் பண்றாங்க, போற வழியில கோயிலு, அப்புறம் ஒரு சிநேகிதர் வீடு. ஐஸ் பெட்டி எடுத்துட்டுப் போங்க, சூடு எவ்வளவு சீக்கிரம் இறங்குதோ அவ்வளவு தூரம் பூஞ்சாணம் தள்ளிப்போகும். கழுவாம ஃபிரிட்ஜ்ல வைங்க, சாப்பிடும்போது கழுவுங்க. ரெண்டு நாள்ல தீராதுன்னு தெரிஞ்சா ஃபிரீசர்ல போட்டுடுங்க.

சொந்தச் செடி வச்சிருக்கவங்களுக்கு, பழுத்ததைச் செடியிலயே விட்டு வைக்காதீங்க, நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவ பறிச்சுடணும். கிழட்டுக் குச்சியெல்லாம் குளிர்காலத்துல கவாத்து பண்ணிடுங்க, பூஞ்சாணம் குளிர்ல ஒளிஞ்சிருக்கிறதே அந்தக் குச்சியிலயும் மொட்டுச் செதில்லயும்தான். தண்ணி சொட்டுநீரா விடுங்க. ரகம் எடுக்கும்போதும் பாருங்க, புளூகிராப், ஜெர்சி ரெண்டும் இதுக்கு சீக்கிரம் மாட்டும், எலியட் நல்லா தாங்கும், ஆனா எலியட் ரொம்ப லேட்டா பழுக்கும், கொஞ்சம் புளிப்பும் ஜாஸ்தி. எனக்குப் புடிக்கும், எங்க வீட்டுல யாருக்கும் புடிக்காது.

புளூபெரி மேல வெள்ளையா மாவு படிஞ்ச மாதிரி இருக்கே, அது பூஞ்சையா? நான் ஒவ்வொண்ணா துணியால தொடச்சிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் குடுக்கிறேன்.
– வாசகி, ஸ்கார்பரோ, டொரண்டோ

அம்மா தாயே, தொடைக்காதீங்க! அது பழத்தோட சொந்த மெழுகு, கறுப்பு திராட்சையில இருக்குமே அதே. அது இருக்கிறதுதான் புதுப் பழம்கிறதுக்கு அடையாளம், ஈரம் போகாம பழத்தைக் காப்பாத்துறதும் அதுதான். பூஞ்சையா இருந்தா பஞ்சு மாதிரி முடி முடியா நிக்கும், பழமும் மெதுமெதுன்னு ஆயிடும்.

எங்க வீட்டு புளூபெரிப் பூவெல்லாம் விரிஞ்ச ரெண்டே வாரத்துல பழுப்பாயி உதிராம செடியிலயே ஒட்டிக்கிட்டு இருக்கு, மேல சாம்பல் கலர்ல பஞ்சு. இந்த வருஷம் மே மாசம் முழுக்க மழைதான். உரமெல்லாம் நல்லாத்தான் வச்சேன்.
– வாசகர், சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா

நல்லா வச்சதுதான் பிரச்சனைன்னு தோணுது. இது பாட்ரைட்டிஸ், சாம்பல் பூசணம், ஸ்ட்ராபெரி டப்பாவுல மறந்து வச்சா வருமே, அதே ஆள். குளிரும் மழையும் சேந்து விடாம நாலஞ்சு நாள் நின்னா வந்துடும். தழைச்சத்து அதிகமா போச்சுன்னா கொழுந்து தளதளன்னு மெத்துன்னு இருக்கும், அதுல இன்னும் சுளுவா ஏறும். பனி பட்டு அடிபட்ட பூவும் அதுக்கு விருந்து. காஞ்ச பூவ உதறி விடுங்க, குளிர்காலத்துல நடுக்குச்சியைக் கொஞ்சம் எடுத்து காத்து உள்ள போற மாதிரி பண்ணுங்க, உரத்தைக் குறைங்க. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிச்சா பாட்ரைட்டிஸ் ரொம்ப சீக்கிரம் பழகிக்கும், இது தோட்டம் வச்சு நடத்துறவங்களுக்கே பெரிய தலைவலி. சர்ரேல உங்க அக்கம் பக்கத்துல புளூபெரித் தோட்டம் வச்சிருக்கிற பஞ்சாபிக் குடும்பம் நிறைய இருப்பாங்க, அவங்ககிட்ட பேச்சுக் குடுங்க, இந்தப் பத்தியில கிடைக்காத நுணுக்கமெல்லாம் அங்க கிடைக்கும்.

அட்லாண்டா செம்மண்ல மூணு செடி நட்டோம். ரெண்டு வருஷமா வளரவே இல்ல, இலை மஞ்சளாயி ஓரம் சிவந்து சின்னதா வருது. தண்ணி தினமும் ஊத்துறோம். ஒரு செடியில மட்டும் ஒரே ஒரு கிளை, இலையெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும்போதே சட்டுனு பழுப்பாயி காஞ்சிடுச்சு. ரெண்டும் ஒரே நோயா?
– வாசகர், ஜார்ஜியா

எனக்கு ரெண்டு வேற வேற நோயாத் தெரியுது. செடி முழுக்க மெலிஞ்சு போறது வேர் அழுகல், ஃபைட்டோஃப்தோரா. களிமண்ணு, அதுல தினமும் தண்ணி, வேற என்ன வேணும் அதுக்கு. கறாரா சொன்னா இது பூஞ்சாணமே இல்ல, தண்ணியில நீந்துற வித்து போடுற வேற ஒரு இனம், ஆனா செடி நோயை ஆராயுறவங்க பூஞ்சாணப் பட்டியல்லதான் வச்சிருக்காங்க, நானும் வச்சுக்கிறேன். ஊட்டி உருளைக்கிழங்குல பின்கருகல், மிளகுக்கொடியில வாடல் எல்லாம் இந்த இனத்து வேலைதான். செடியை லேசா தோண்டி வேரைப் பாருங்க, கறுத்துப் போயி உரிஞ்சா அதுதான். மருந்தை விட மண்ணை மாத்துறதுதான் வழி, ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி பைன் பட்டை நிறைய கலந்து புதுச் செடி வைங்க, பழைய செடி தேறுறது கஷ்டம். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து ஹோஸ் பைப்பை எடுத்தாத்தான் மனசு ஆறும்னா வேற செடிக்குப் புடிங்க.

ஒத்தைக் கிளை காஞ்சது குச்சிக் கருகல், பாட்ரியோஸ்ஃபேரியா. காயம் பட்ட இடம் வழியா உள்ள போகும், புல்லு வெட்டுற மெஷின் இடிச்ச காயமா கூட இருக்கலாம். அந்தக் கிளையைக் குறுக்க வெட்டிப் பாத்தா கட்டையில ஒரு பக்கம் மட்டும் காபித்தூள் கலர்ல இருக்கும். அந்தக் கலர் சுத்தமா மறையுற வரைக்கும் கீழ கீழ வெட்டிட்டே போங்க, மறைஞ்ச பிறகும் ஒரு சாண் சேத்து வெட்டுங்க. கத்தரியை ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிட்டு அடுத்த செடியைத் தொடுங்க.

கோத்தகிரியில ஒரு ஏக்கர் தேயிலை இருக்குங்க, விலை கட்டல. நியூசிலாந்துல இருக்கிற மச்சான் புளூபெரி குச்சி கொண்டாந்து தர்றேங்கிறாரு. தேயிலையில இருக்கிற கொப்புள நோய் புளூபெரிக்கும் தொத்துமா?
– வாசகர், நீலகிரி

நல்ல கேள்விங்க, ஏன்னா சொந்தம் இருக்கு. 1946ல தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து தேயிலைக்காரங்களைத் தூங்கவிடாம பண்ணின கொப்புள நோயோட பூஞ்சாணம் எக்சோபசிடியம் இனம். அதே இனத்துல வேற ஒருத்தன் அமெரிக்காவோட தென்கிழக்கு மாநிலங்கள்ல புளூபெரியைப் புடிக்கிறான், இலைக்கு அடியில வெள்ளைப் புள்ளி, பழத்துல பச்சையாவே நிக்கிற புள்ளி, பழம் அந்த இடத்துல பழுக்காது. உங்க தேயிலையைப் புடிக்கிற பூஞ்சாணம் தேயிலையை விட்டு வராது, அந்த பயம் வேண்டாம். அங்க புளூபெரிக்கு செடி தூங்குற கடைசிக் காலத்துல, மொட்டு உடையுறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவ லைம் சல்பர்ங்கிற சுண்ணாம்பு கந்தகக் கரைசல் அடிச்சு நல்லா கட்டுப்படுத்துறாங்க, பழத்துல புள்ளி பாத்துட்டு அடிச்சா ஒண்ணும் நடக்காது, இங்கயும் அதே கதைதான் பாருங்க.

எனக்கு வேற பயம். மச்சான் பெட்டியில குச்சி கொண்டு வர்றது சட்டப்படி தப்பு, இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுத் தாவர சுகாதாரச் சான்றும் இல்லாம நாட்டுக்குள்ள செடி வரக்கூடாது. சட்டத்தை விடுங்க, உங்க ஊரு சோலைக்காட்டுலயே புளூபெரியோட ஒண்ணுவிட்ட சொந்தம், வாக்சினியம் இனத்து மரங்க நிக்குது, ஒண்ணுக்குப் பேரே நீலகிரி பேரை வச்சுத்தான் வச்சிருக்காங்க, வாக்சினியம் நீல்கெரென்ஸ். கண்ணுக்குத் தெரியாம குச்சிக்குள்ள வர்ற பூஞ்சாணம் உங்க ஏக்கரோட நிக்கும்னு யார் சொல்ல முடியும்? கொப்புள நோயும் ஒரு காலத்துல உங்க மலையில இல்லாததுதானே. அனுமதியோட வந்த திசு வளர்ப்புக் கன்னு கிடைச்சா வாங்குங்க, அதுவும் பத்து செடியா ஆரம்பிங்க.

சார், என் மாமியார் புளூபெரி இலையில புள்ளி பாத்ததுல இருந்து தினமும் அடியில அடுப்புச் சாம்பலும் மஞ்சத்தூளும் போடறாங்க, வேப்பெண்ணெய் வேற அடிக்கிறாங்க. ஃபயர்பிளேஸ் சாம்பல் பக்கெட் பக்கெட்டா இருக்கு. பூஞ்சைக்கு நல்லதுதானே?
– மருமகள், பாஸ்டன் பக்கம்

இதுல நான் யார் பக்கமும் இல்லன்னு மொதல்லயே சொல்லிடுறேன். மஞ்சள் போட்டா ஒண்ணும் ஆகாது, நல்லதும் ஆகாது, ரசத்துக்கு வச்சுக்கங்க. வேப்பெண்ணெய் இலை மேல இருக்கிற சாம்பல் நோய் மாதிரி சிலதைக் கொஞ்சம் அடக்கும், ஆனா மேல சொன்ன ஆளுங்கல்லாம் பூவுக்குள்ள, காய்க்குள்ள, கட்டைக்குள்ள இருக்கிறவங்க, அங்க எண்ணெய் போகாது. பூ இருக்கும்போது எண்ணெய் அடிக்கவே வேண்டாம்.

சாம்பலைத்தான் உடனே நிறுத்தணும். புளூபெரிக்கு மண்ணு பி.ஹெச் நாலரை, அஞ்சு அந்தப் பக்கம் இருக்கணும், சாம்பல் காரம், பக்கெட் பக்கெட்டா போட்டா மண்ணோட புளிப்பு போயிடும், இரும்புச்சத்து ஏறாம இலை மஞ்சளாயிடும், அப்ப அதையும் நோய்னு நெனச்சு இன்னும் ஒரு பக்கெட் போடுவாங்க. இந்தப் புளிப்பு விஷயத்தைக் கண்டுபிடிக்காம காட்டுச் செடியா இருந்ததை யாராலயும் தோட்டத்துல வளர்க்க முடியல, ஃபிரெடரிக் கோவில்ங்கிற தாவரவியல்காரர்தான் அதைக் கண்டுபிடிச்சு 1910ல எழுதி வெளியிட்டாரு, அதைப் படிச்சிட்டு நியூஜெர்சியில எலிசபெத் ஒயிட்ங்கிற அம்மா 1911ல அவருக்குக் கடிதம் போட்டு எங்க நிலத்துல வந்து பண்ணுங்கன்னு கூப்பிட்டாங்க, 1916ல மொத விளைச்சல் விலைக்குப் போச்சு.

இன்னொண்ணும் உங்க மாமியார்கிட்ட சொல்லுங்க. புளூபெரி வேர்ல தூவி இல்ல, அதாவது மத்த செடிக்கு இருக்கிற மாதிரி தண்ணி உறிஞ்சுற மயிர் கிடையாது. அந்த வேலையில நிறைய பங்கு அதோட வேருக்குள்ள குடியிருக்கிற ஒரு பூஞ்சாணம் செய்யுது, புளிப்பு மண்ணுல மக்குல இருந்து சத்தை எடுத்து செடிக்குக் குடுக்குது, செடி அதுக்குச் சர்க்கரை குடுக்குது. சாம்பல் போட்டா மொதல்ல அந்தக் குடித்தனக்காரனுக்குத்தான் அடி.

இலைப்புள்ளிக்கு உதிர்ந்த இலையை வாரி அள்ளிட்டு மூடாக்கு போடுங்க, போதும். சாம்பலை அவங்க வெண்டைக்காய்ச் செடிக்குப் போடட்டும், ஒரு கைப்பிடி, பக்கெட் இல்ல.